ஏரல் வேகம்

“அண்ணாச்சி, இந்த வாட்டி யார் வீட்டுக்குப் போணும்?”

போன வாரம் நஸ்ரின் போனில் கேட்டது இதுதான். நலம் விசாரிப்பு இல்லை, முன்னுரை இல்லை. அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டே எழுந்துவிட்டேன். முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என் கால்கள் இப்படித்தான். யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போகின்றன. போன இடத்தில் யாரும் இல்லை.

கேள்வி புரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ‘பொருநை’ என்று ஒரு மென்பொருள். கணினியில் இருக்கும் தமிழை வாய்விட்டு வாசிக்கும். பார்வை இல்லாதவர்களுக்காகச் செய்தது. விலை கிடையாது, செய்கிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஆளுக்கொரு பிழைப்பை வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தில் செய்கிறோம். செய்தோம் என்று நான் எழுத வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன், அது சோற்றுக்கு. பொருநையின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் சோதித்து வெளியே விடுகிற பொறுப்பும் என்னிடம் இருந்தது. அது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கல்லூரியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு அந்தப் பொறுப்பையும் நஸ்ரினிடம் ஒப்படைத்துவிட்டேன். இரண்டிலும் ஓய்வு. விரல்களுக்கு மட்டும் இன்னும் சேதி போகவில்லை. சோற்றுத் தட்டின் விளிம்பில் தட்டச்சு செய்கின்றன.

இப்போது பொருநை இன்னொரு பழைய இயங்குதளத்தைக் கைவிடப் போகிறது. அதாவது, அந்தத் தளம் ஓடும் கணினிகளுக்கு இனிப் புதுப் பதிப்பு வராது. இருப்பதை வைத்து ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்: இணையதளத்தில் ஒரு அறிவிப்புப் போட்டால் போதாதா, எதற்கு ஒருவர் வீட்டுக்கு பஸ் ஏறிப் போக வேண்டும்?

“நீங்களே எழுதிக் குடுத்துருங்க, அண்ணாச்சி. நான் சொன்னா கத விடுதேன்னு நினைக்காங்க” என்றாள் நஸ்ரின்.

எழுதுகிறேன்.

வேலை கற்ற கதை சின்னது. நான் தப்பாகச் செய்தேன், கஸ்பார் அண்ணாச்சி திருப்பி அனுப்பினார், மறுபடி செய்தேன். சில வருஷங்கள் அப்படியே போயின.

பொருநையைத் தொடங்கியவர் கஸ்பார் அண்ணாச்சிதான். தூத்துக்குடியில் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை. கடலைப் பார்த்த வீடு. மாடியறை முழுக்கப் பழைய கணினிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தலைமுறை இயங்குதளம். உப்புக்காற்று தின்றதுபோக மிச்சம் உயிரோடு இருந்தன. மூடியைக் கழற்றினால் உள்ளே பலகையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் பைய ஒற்றி எடுப்பார், பிள்ளைக்குப் பவுடர் போடுகிறவர் மாதிரி.

சோதனை அவர் முறைப்படிதான் நடக்க வேண்டும். முதலில் இயங்குதளத்தைச் சுத்தமாக நிறுவ வேண்டும். பழைய பதிப்பின் எச்சம் எதுவும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு பொருநையை ஏற்ற வேண்டும். கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும். குரல் தானாக எழுந்து பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்க என்று எழுதுவது தப்பு. அதற்குள் அண்ணாச்சி தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டிருப்பார். மௌஸைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

“இனி ஓட்டும், வே.”

துண்டு போர்த்திய திரையின் முன்னால், காதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைத் திறந்து, கேட்டு, திருத்தி, சேமித்து, மூட வேண்டும். சோதனைப் பக்கங்கள் அவர் பொறுக்கிச் சேர்த்தவை. பஸ் நேரப் பட்டியல். ஒரு நீத்தார் அறிவிப்பு. மாசிக் கருவாட்டுச் சம்பலுக்குக் குறிப்பு. பங்குக் கோவில் திருவிழா நிகழ்ச்சி நிரல். ஓரிடத்தில் குரல் இடறினாலும் திரும்ப முதலிலிருந்து. திட்டமாட்டார். துண்டை எடுக்கமாட்டார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தளத்துக்கும் இதே சடங்கு. தளங்கள் கூடக்கூடப் புதுப் பதிப்பு வெளியே வருவதற்குள் மாதங்கள் ஓடின. அதனால் யாராவது ஒருவர் அவ்வப்போது சொல்வார்: இந்தப் பழசைக் கைவிட்டுவிடலாமே. அண்ணாச்சி மறுத்து நான் பார்த்ததில்லை. “விட்டுருவோம். யார் வீடு?” என்பார்.

அதுதான் விதி. ஒரு தளத்தைக் கைவிடுமுன், அதை இன்னும் வைத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்குக் குழுவிலிருந்து ஒரு ஆள் போக வேண்டும். அறிவிப்பை அவர் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து குழுவிடம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் முடிவு.

எதற்கு என்று நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “கடைசித் தோணி இன்னையோட நிக்குதுன்னா, நோட்டீசை ஒட்டிட்டு ஓடிர முடியுமாலே? சரக்கோட கரையில நிக்கான்லா, அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்.” பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இன்னொரு பலகையின் உப்பைத் தட்டப் போய்விட்டார்.

இனி அந்த ஒரு வழக்கு. இன்றும் நடக்கும்போது கூடவே நடந்து வருவது.

பச்சை மேடும் நீல வானமுமாகத் திரை விரியும் பழைய இயங்குதளம் ஒன்று உண்டல்லவா? எல்லா அலுவலகங்களிலும் ஒரு காலத்தில் அதுதான். நாங்கள் அதைப் பச்சைமேடு என்போம். செய்த நிறுவனமே அதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நாங்கள் மட்டும் விடவில்லை. மேலப்பாளையத்திலிருந்து குழுவில் வந்து சேர்ந்திருந்த நஸ்ரின்தான் சத்தமாகச் சொன்னாள். அன்றைக்கு நிரல் எழுதத் தெரிந்த கை அவளுடையது ஒன்றுதான்; இடுப்பில் ஒரு பிள்ளையும் இருந்தது.

“ஒரு மனுஷிக்கு எத்தன கை, அண்ணாச்சி? பச்சைமேட்டுக்குன்னு நான் எழுதுத ஒவ்வொரு வரியும், மத்த எல்லாருக்கும் எழுதாமப் போற வரி. இத விடலன்னா நான் விட்டுருதேன். கோவத்துல சொல்லல. முடியல.”

அவள் சொன்னதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அவள் புதிதாக ஒரு குரல் செய்திருந்தாள். பழைய குரல் தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கும். புதியது மனிதக் குரல். மூச்சு விடும், வாக்கியத்தின் முடிவில் தணியும், கேள்வியில் எழும். முதன்முறை கேட்டபோது கஸ்பார் அண்ணாச்சியே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குரல் பச்சைமேட்டில் ஓடாது. பச்சைமேட்டை விட்டால் பழைய குரலையும் சேர்த்து விட்டுவிடலாம். எங்களுக்கு அது வீட்டைக் கழுவிவிடுவது மாதிரி தோன்றியது.

“விட்டுருவோம். யார் வீடு?” என்றார் அண்ணாச்சி.

எங்களுக்குத் தெரிந்து பச்சைமேட்டில் இருந்தவர்களில் பக்கத்து ஆள் ஏரலில் இருந்தார். பெயர் சண்முகத்தாய். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகங்களைப் பிரெய்லில் அச்சிட்டுத் தரும் சின்ன அறக்கட்டளை ஒன்றில் வேலை. அவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாடப்புத்தகத்தை யாராவது கணினியில் அடித்துக் கொடுப்பார்கள். அதை முழுக்கக் காதால் கேட்டு, பிழை திருத்தி, அச்சுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. நஸ்ரினால் பிள்ளையோடு பஸ்ஸில் அலைய முடியாது என்பதால் நான் போனேன்.

பாபநாசம் அணையில் திறந்துவிடுகிற ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் ஏரலுக்கு வரும். பஸ்ஸும் அப்படித்தான். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, நிற்கத் தோன்றிய இடத்திலெல்லாம் நின்றது. சட்டைப்பையில் அறிவிப்பை மடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எடுத்துப் பார்த்தேன். ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்பதை ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று ஆக்கினேன். அடுத்த நிறுத்தத்தில் வருத்தத்தைத் திரும்ப எழுதினேன்.

அறக்கட்டளை என்பது ஒரு வீட்டின் முன்னறை. சண்முகத்தாய்க்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். என் செருப்புச் சத்தம் படி ஏறும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

“வாங்க அண்ணாச்சி. கடுதாசி கொண்டாந்திருக்கியளா?”

“ஆமாம்மா. வாசிக்கணும்.”

“கொஞ்சம் பொறுங்க.”

விசைப்பலகையில் ஏதோ அழுத்தினார். கணினியிலிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. தகரக் கூரையில் மழை விழுந்து சட்டென்று நின்றதுபோல. மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான்.

“என்ன சொல்லிச்சு?” என்று கேட்டார்.

“ஏதோ பழுது போலிருக்கு. இரைச்சல் வருது.”

அவர் சிரித்தார். பக்கத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

“பழுதும் இல்ல, இரைச்சலும் இல்ல. உங்க கடுதாசிதான் அது. மின்னஞ்சல் குழுவுல நேத்தே எல்லாருக்கும் போட்டுட்டாவல்லா? ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ல ஆரம்பிச்சு உங்க பேரு வரைக்கும். இந்த வேகத்துலதான் நான் கேப்பேன்.”

நம்பவில்லை. அவர் இன்னொரு பக்கத்தை ஓடவிட்டார், எட்டாம் வகுப்பு அறிவியல். அதே ரீங்காரம். நடுவில் நிறுத்தி, பின்னால் போய், விட்டுப்போன ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். எனக்குக் கேட்டதெல்லாம் சில்வண்டு.

“இப்ப உங்க அழகுக் குரலக் காட்டுங்க” என்றார்.

என் மடிக்கணினியைத் திறந்தேன். நஸ்ரினின் குரல் பேசியது. தலையைச் சாய்த்துக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. கல்யாண வீட்டுல வந்தவங்கள ‘வாங்க வாங்க’ன்னு சொல்ல வைக்கலாம். கூட்டுங்க.” வேகத்தைக் கூட்டினேன். “இன்னும்.” கூட்டினேன். “இன்னும் கூட்டுங்க அண்ணாச்சி, பயப்படாதிய.” அவருடைய வேகத்துக்குப் பாதி வழியிலேயே குரல் உருகிவிட்டது. மூச்சும் தணிவும் எழுச்சியும் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து, சொற்களின் வால்கள் காணாமல் போயின. அழகாக இருப்பதற்காக நாங்கள் சேர்த்த ஒவ்வொன்றும் வேகத்தில் குறுக்கே விழுந்தது. பழைய தகரக் குரலில் விழுவதற்கு எதுவும் இல்லை.

இத்தனை வருஷமாக நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தோம். துண்டு போட்டோம். மௌஸைப் பிடுங்கினோம். ஆனால் எங்கள் வேகத்திலேயே கேட்டோம். கண் இருப்பவன் ஓய்வாக உட்கார்ந்து கதை கேட்கும் வேகம் அது. துண்டுக்குப் பின்னாலும் நாங்கள் பார்வையுள்ளவர்களாகவே இருந்திருக்கிறோம்.

சண்முகத்தாய் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

“ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும். திறந்த அன்னிக்கு மத்த பிள்ளைங்க கையில புத்தகம் இருக்கும். எங்க பிள்ளைங்க கையிலயும் இருக்கணும். நான் இந்த வேகத்துல கேட்டாத்தான் அது நடக்கும். வருஷா வருஷம் புத்தகத்த வேற வேற மாதிரிக் கோப்புல அனுப்புதாங்க. நீங்க புதுப் பதிப்பு போடுதிய, இந்தக் கிழட்டு மெஷின்ல திறக்குது. நாளைக்கு நீங்க போடலன்னா திறக்காது.” விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். பிறகு, “விடாதியன்னு நான் சொல்லமாட்டேன். சும்மா செய்யுதிய. உங்க வழியில குறுக்க படுக்க எனக்குப் பாத்தியதை இல்ல. கேட்டிய, சொன்னேன்.”

அறிவிப்பை நான் வாசிக்கவில்லை. அவர்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டாரே.

குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பழைய குரலைப் புதுத் தளங்களுக்குக் கொண்டுபோக முடியாதா என்று நஸ்ரினிடம் கேட்டேன். “அத எழுதுன ஆளு எங்க இருக்காருன்னே தெரியாது. உள்ள என்ன இருக்குன்னும் யாருக்கும் தெரியாது. பிரிச்சுப் பாத்து எழுத வருஷக் கணக்காகும். பச்சைமேட்டையும் சுமந்துக்கிட்டு அதையும் செய்யச் சொன்னா, எங்க உம்மா வந்துதான் எழுதணும்.”

கஸ்பார் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஏரல்காரி சொல்லுததும் சரி. இவ சொல்லுததும் சரி. இவ போயிட்டா எல்லாருக்கும் சேத்து நின்னுரும். விட்டுருவோம்.” யாரும் ஒப்பவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. வெளியீட்டுப் பொத்தானை அழுத்தியவன் நான்.

சண்முகத்தாயின் பழைய கணினி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பிறகு அவர் பயந்தபடியே புதுக் கோப்புகள் திறக்கவில்லை. அறக்கட்டளை யாரிடமோ கேட்டு, அடுத்த தலைமுறைத் தளம் போட்ட ஒரு கணினியை வாங்கி வைத்தது. நீல நிறத் திரை; எங்கள் பேச்சில் அது ‘நீலம்’. சண்முகத்தாய் அழகுக் குரலைப் பாதி வேகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வருஷம் போன் செய்தேன்.

“புத்தகம் இப்பத்தான் கட்டு கட்டுதோம், அண்ணாச்சி.”

“பரவாயில்லையே.”

“காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு போச்சு.”

போனை வைத்த பிறகு வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றுப்பாலம் வரை நடந்தேன். திரும்பி நடந்தேன். மறுபடி நடந்தேன். பிள்ளைகள் காதால் மட்டும் படித்துப் பரீட்சை எழுதியிருப்பார்கள். அடுத்த வருஷமும் அப்படித்தான் ஆனது. நாங்கள் எடுத்த முடிவு தப்பா? இன்றும் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் நடக்கிறேன் போலிருக்கிறது.

சண்முகத்தாய் சொன்னதை நஸ்ரினிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். “ம்” என்றாள். பல மாதங்கள் கழித்து ஒரு வேலையாக அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காதில் இயர்போன். அதிலிருந்து சன்னமாக ஒரு சில்வண்டுச் சத்தம் கசிந்தது.

“என்ன தாயி கேக்க?”

“பேப்பர். தலையங்கம்.” கண்ணில் நீர் வடிந்தது, வெங்காயத்தால். “தினம் ஒரு சொட்டு கூட்டுதேன், அண்ணாச்சி. முதல்ல தலைவலி வந்துச்சு. இப்ப பாதி புரியுது.”

“எதுக்கு?”

“காதுல ஏறாம எப்படிச் செய்ய?”

பச்சைமேட்டை விட்டதால் மிஞ்சிய நேரத்தை அவள் எங்கே போட்டாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய தகரக் குரலின் நிரலை வரிவரியாகப் பிரித்து, புதுத் தளங்களில் ஓடும்படி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். அது முடியும்போது கஸ்பார் அண்ணாச்சி இல்லை. மாடியறைக் கணினிகளை அவர் மகன் எடைக்குப் போட்டார். நஸ்ரின் அந்தத் துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பொருநையின் பட்டியலில் இப்போது இரண்டு குரல்கள் இருக்கும். ஒன்று அழகானது. இன்னொன்றின் பெயர் ‘ஏரல்’. அதைக் கேட்டதும் சண்முகத்தாய் போன் செய்தார். “எங்க ஊருக்கு பஸ்ஸே நேரத்துக்கு வராது. வேகத்துக்கு இந்தப் பேரா வச்சிய?” பேச்சை முடிக்கும்போது சொன்னார், அந்த ஜூனில் புத்தகம் போய்விட்டது என்று.

இப்போது நீலத்தை விட வேண்டும். அதே பேச்சு, அதே நியாயங்கள். யார் வீடு என்று நஸ்ரின் கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரியும்; என் வாயால் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அறக்கட்டளைக் கணினி இன்னமும் நீலம்தான்.

நேற்று இரண்டு பேரும் போனோம். வழி நெடுக எனக்குக் கால் தரிக்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை, “இருங்க சார், உங்க ஊரு வரட்டும்” என்றார். நஸ்ரின் பையில் ஒரு மடிக்கணினி. குழுவில் ஒருவர் தனக்கு வேறு வாங்கிக்கொண்டு கொடுத்தது, புதுத் தளம் போட்டிருந்தது.

சண்முகத்தாயின் முன்மயிர் நரைத்திருந்தது. நஸ்ரின் நேரே விஷயத்துக்கு வந்தாள். “அக்கா, நீலத்த விடப் போறோம். நாள நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுத நாள் வரைக்கும் நான் அதுக்கும் எழுதுவேன். ஒரு வாட்டி நாங்களா நாள் குறிச்சுட்டோம்.”

“இந்தப் பெட்டி எதுக்கு?”

“இங்கன இருக்கட்டும். முதல்ல உங்க வேகத்துல ஓடுதான்னு பாருங்க.”

சண்முகத்தாய் மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நஸ்ரின் பையிலிருந்து துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டாள், யாருக்காக என்று தெரியவில்லை. சண்முகத்தாய் ஏதோ தட்டச்சு செய்தார். ரீங்காரம் எழுந்து நின்றது. அவர் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

“என்ன சொல்லிச்சு?”

நான் நஸ்ரினைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

“ஒரு ஸ்பூன் சீனி போதும், அக்கா” என்றாள்.

சண்முகத்தாயின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. பிறகு உள்பக்கம் திரும்பி, டீ போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். “புத்தகம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரட்டும். அடுத்த நாள் விட்டுருங்க” என்றார். நஸ்ரின் தலையாட்டினாள்; ஆட்டியது தெரியாதே என்று நினைத்துக்கொண்டு, “சரிக்கா” என்றாள்.

விரல்கள் மறுபடி ஓடின. இன்னொரு ரீங்காரம். இந்தத் தடவை அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

“எனக்கும் ஒரு ஸ்பூன்தாம்மா” என்றேன்.

இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். நஸ்ரினுக்குப் புரையேறிவிட்டது. “அது சீனி கேக்கல, அண்ணாச்சி. இந்த வாட்டியும் கடுதாசி கொண்டாந்திருக்கியளான்னு கேக்காவ.”

சட்டைப்பையைத் தொட்டேன். இருந்தது. வெளியே எடுத்து மடிப்பைப் பிரித்தேன். நஸ்ரின் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சண்முகத்தாய் கணினியை நிறுத்தினார். நான் வாசிக்கத் தொடங்கினேன், என் வேகத்தில். இருவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.